அஞ்சடிக்கு யார் காசு கட்டுவது?

பஃபலோ ரோட்டிலும் கேம்பல் லேனிலும் நடப்பவர்களுக்கு அஞ்சடியைத் தெரியாமல் இருக்காது. கடைவீட்டின் மேல்மாடிக்கு அடியில் ஓடும் மூடிய நடைபாதை அது. அங்கே காய்கறிப் பெட்டிகள், வாழைத்தார், பூச்சரம், எவர்சில்வர் குடம் எல்லாம் கால் வைக்க இடமில்லாமல் இறங்கி நிற்கும். அதிகாரிகள் வந்தால் சாமான் உள்ளே போகும். சில சமயம் சம்மன் விழும். அவர்கள் தெருமுனை திரும்பியதும் சாமான் மறுபடி வெளியே வரும். இந்தக் கண்ணாமூச்சிக்கு 130 வயதுக்கு மேல் ஆகிறது.

அந்த அதிகாரியின் சம்பளத்தை யார் கட்டுகிறார்கள்? உலகத்தில் பல நகரங்கள் இப்போது ஒரே மாதிரி பதில் சொல்கின்றன: சோதனைக்கு ஆகும் செலவை விதி மீறியவனிடமே வசூலி, ஒழுங்காக இருப்பவன் ஏன் கட்டவேண்டும்? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த யோசனையைச் சிங்கப்பூர் பிறந்த மறுவருஷமே ஒருமுறை செய்து பார்த்துவிட்டது.

1819இல் இது தீர்வையில்லாத் துறைமுகமாகத் தொடங்கியது. வரும் கப்பலிடம் சுங்கம் வாங்க முடியாது. ஆனால் போலீஸ் வேண்டும், நிர்வாகம் வேண்டும். கையில் காசில்லாத ரெசிடெண்ட் ஃபர்குவார் 1820இல் அபின், சாராயம், சூதாட்டம் மூன்றுக்கும் குத்தகை விட்டார். அதிகத் தொகை கேட்டவருக்கு உரிமை. அந்தத் தொகையில் நிர்வாகம். கணக்கு அழகாகவே பொருந்தியது. ஆனால் சூதாட்டத்தைக் கண்காணிக்கவேண்டிய அரசுக்கு இனி சூதாட்டம் நடந்தே ஆகவேண்டும். ராஃபிள்ஸ் 1823இல் சூதாட்டக் குத்தகையை ஒழித்தார். அடுத்து வந்த கிராஃபர்ட் அதைத் திரும்பக் கொண்டுவந்தார். 1829இல்தான் அது முடிந்தது. அபின் மட்டும் போகவில்லை. அரசு வருமானத்தின் பெரும்பங்கு அதிலிருந்து வந்ததால் அதை விட மனசு வரவில்லை. 1910இல் குத்தகைமுறையை நிறுத்திய அரசு, அந்த வியாபாரத்தைத் தானே எடுத்து நடத்தியது.

அஞ்சடியின் கதை இதற்கு அடுத்து வருகிறது. 1822இல் நகரத் திட்டம் போட்டபோது, ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் எந்நேரமும் திறந்திருக்கும் மூடிய நடைவழி இருக்கவேண்டும் என்று ராஃபிள்ஸ் உத்தரவிட்டார். மழையும் வெயிலும் தெரிந்த ஊருக்கு ஏற்ற உத்தரவு. ஆனால் யார் நிலத்தில், யார் செலவில்? வீட்டுக்காரரின் நிலத்தில், வீட்டுக்காரரின் செலவில். அரசு சல்லிக்காசு போடாமல் ஊருக்கு ஒரு நடைபாதை கிடைத்தது. கட்டியவர் பார்வையில் அது தன்னுடைய திண்ணை. நடப்பவர் பார்வையில் அது தெரு. இரண்டு பேர் சொல்வதும் சரி என்பதுதான் பிரச்சினை.

அது 1888 பிப்ரவரியில் வெடித்தது. முந்தைய வருஷத்து நகராட்சிச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, நகராட்சித் தலைவர் டாக்டர் ரவெல் அஞ்சடிகளைக் காலி செய்யச் சொன்னார். கடைகள் அடைக்கப்பட்டன, டிராம் வண்டிகள்மேல் கல் விழுந்தது, நகரம் சில நாள் நின்றுபோனது. வரலாற்றில் இதற்கு வராந்தாக் கலவரம் என்று பெயர். கடைசியில் சமரசம்தான்: ஆள் நடக்க வழி விட்டால் சாமான் இருந்துவிட்டுப் போகட்டும். இன்றைக்கும் தேக்காவில் நடப்பது ஏறக்குறைய அதே சமரசம்.

அங்காடி வியாபாரிகளின் கதை வேறு மாதிரி முடிந்தது. கச்சாங் பூத்தே விற்ற தமிழர்கள் உட்பட, தெருவில் பிழைத்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கிடைத்தது துரத்தலும் பறிமுதலும் அபராதமும். 1950இல் இதற்கென்றே ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்தது. 1968-69இல் தீவு முழுக்கக் கணக்கெடுத்து வியாபாரிகளைப் பதிவு செய்தார்கள். 1971 முதல் 1986 வரை அங்காடி நிலையங்களைக் கட்டி அவர்களை உள்ளே கொண்டுபோனார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் இருந்த பழைய கண்டாங் கெர்பாவ் சந்தை, 1982இல் இந்தப் பக்கம் புதுக் கட்டடத்துக்கு மாறியது இந்தக் காலத்தில்தான். இன்றைய தேக்கா நிலையம் அதுதான்.

தெருவில் இருந்தபோது கட்டியது அபராதம். நிலையத்துக்குள் கட்டியது வாடகையும் உரிமக் கட்டணமும். பையிலிருந்து போவது இரண்டு தடவையும் காசுதான். ஆனால் இரண்டாவது தடவை குழாயில் தண்ணீர் வந்தது, கழிவுநீர் போக வழி வந்தது, மறுநாளும் அதே இடத்தில் கடை போடலாம் என்ற உறுதி வந்தது. காசு கட்டியதற்கு ஏதாவது திரும்பி வந்தால்தான் அது கட்டணம்.

இந்த வித்தியாசத்தைச் சட்ட மொழியில் தெளிவாகச் சொன்ன தீர்ப்பு நம்ம பக்கத்திலிருந்துதான் போனது என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். 1951இன் மெட்ராஸ் இந்து அறநிலையச் சட்டம், மேற்பார்வைச் செலவுக்காக மடங்களும் கோயில்களும் தங்கள் வருமானத்தில் 5 சதவீதம் வரை அரசுக்குக் கட்டவேண்டும் என்றது. அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த உடுப்பியின் ஷிரூர் மடம் வழக்குப் போட்டது. 1954இல் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: வாங்கும் தொகைக்கும் செய்யும் வேலையின் செலவுக்கும் தொடர்பே காட்டவில்லை, பணம் பொதுக் கருவூலத்தில் போய்க் கலந்துவிடுகிறது, ஆகவே பெயர் என்னவாக இருந்தாலும் இது கட்டணம் இல்லை, வரி. அந்த வரியைப் போட மாகாணச் சட்டமன்றத்துக்கு அதிகாரமும் இல்லை.

கட்டணத்துக்கு இந்த விதி சரி. வாங்கிய காசு வாங்கிய வேலைக்கே போகட்டும். ஆனால் அபராதத்துக்கு இதை அப்படியே தலைகீழாகப் படிக்கவேண்டும். அபராதக் காசு, அபராதம் போடுகிறவர் கைக்குப் போகவே கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரம் சாட்சி. அந்த ஊர் தன் பட்ஜெட்டுக்கு அபராத வருமானத்தை நம்பியிருந்ததை, அந்நாட்டு நீதித்துறை 2015இல் வெளியிட்ட அறிக்கை பக்கம் பக்கமாக எழுதியது. வீட்டு முற்றத்தில் புல் உயரமாக வளர்ந்தாலும் அபராதம். 2007இல் கார் தப்பாக நிறுத்தியதற்கு 151 டாலர் அபராதம் வாங்கிய ஒரு பெண், ஏழு வருஷத்தில் 550 டாலர் கட்டியும் இன்னும் 541 டாலர் பாக்கி வைத்திருந்தார். நடுவில் சிறைக்கும் போனார். ஃபர்குவாருக்கு சூதாட்டம் தேவைப்பட்ட மாதிரி ஃபெர்குசனுக்கு விதிமீறல் தேவைப்பட்டது.

நான் படித்ததும் செய்வதும் பொறியியல். எங்கள் வேலையில் எதற்கும் மேன்-ஹவர் கணக்கு உண்டு: எத்தனை ஆள், எத்தனை மணிநேரம், மணிக்கு என்ன செலவு. சோதனைச் செலவையும் அப்படித்தான் போடுவார்கள். மொத்தச் செலவை மாட்டியவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு இவ்வளவு. ஆனால் வகுக்கும் அந்த எண்ணைப் பாருங்கள். சோதனை நன்றாக நடந்தால் மீறல் குறையும். மீறல் குறைந்தால் மாட்டுபவர் குறைவார்கள். ரோந்துச் செலவு மட்டும் அப்படியே இருக்கும். அப்போது மிச்சம் இருப்பவர் தலையில் கட்டணம் ஏறும், இல்லையென்றால் இன்னும் ஆள் பிடிக்கவேண்டியிருக்கும். எல்லாரும் ஒழுங்காக நடந்தால் திவாலாகிற ஏற்பாட்டை எந்த டிசைன் ரிவ்யூவிலும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

அதனால் செலவை மூன்றாகப் பிரிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. தெருத்தெருவாகப் போகிற வழக்கமான ரோந்து எல்லாருக்கும் பயன். அதை வரியிலிருந்து கொடுக்கவேண்டும். ஒரு கடைக்காரர் தானாக வந்து அஞ்சடியில் இரண்டு மேசை போட உரிமம் கேட்கிறார் என்றால், அந்த விண்ணப்பத்தைப் பார்க்க ஆகும் செலவை அவர் கட்டணமாகக் கட்டலாம். கணக்கை மட்டும் வெளியே காட்டுங்கள். எச்சரித்தும் சரிசெய்யாததால் அதிகாரி மூன்றாவது தடவை வரவேண்டியிருந்தால், அந்த மறுசோதனையின் செலவை அவரிடமே கேட்பதும் நியாயம். அபராதம் இந்த மூன்றிலும் சேராது. அது தண்டனை. அதை வைத்து யாருடைய சம்பளக் கணக்கும் போடக்கூடாது.

இது வெறும் கணக்குப் பிரச்சினை இல்லை. பெரிய மாலில் இருக்கும் கடைக்கு அஞ்சடி கிடையாது. அஞ்சடிச் சம்மனும் கிடையாது. பூ கட்டி விற்பவருக்கும் காய்கறிக் கடைக்காரருக்கும்தான் அந்த ஐந்து அடி வியாபாரத்தில் பாதி. அதே ஐந்து அடிதான் சக்கர நாற்காலியில் வரும் பாட்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் பணம் அனுப்ப வரும் தொழிலாளிக்கும் இருக்கிற ஒரே நிழல் வழி. இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நிற்கும் அதிகாரி, எந்தப் பக்கம் காசு வரும் என்று யோசிக்கத் தேவையில்லாதவராக இருக்கவேண்டும். அவர் சம்பளத்தை நாம் எல்லாரும் சேர்ந்து கட்டினால்தான் அது நடக்கும்.