முழங்காலுக்கு என்ன விலை?

சோளிங்கர் யுத்தம் என்றால் சரித்திரப் புத்தகத்தில் ஒரே அர்த்தம்தான். 1781, செப்டம்பர் 27... ஹைதர் அலியின் மைசூர்ப் படையும், சர் அயர் கூட் தலைமையிலான கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் மோதிக்கொண்ட நாள். பீரங்கிகள் ஓய்ந்த பிறகு எந்தத் தளபதியும் செய்தே ஆகவேண்டிய வேலை ஒன்று உண்டு. செத்தவர் எத்தனை, காயம்பட்டவர் எத்தனை என்று கணக்கெடுப்பது!

இன்றைக்கு அந்த வட்டாரத்தில் பொங்கலை ஒட்டி நடக்கிற யுத்தத்துக்குப் பெயர் கபடி. மைதானத்தைச் சுற்றி டியூப் லைட், காதைப் பிளக்கும் மைக் செட், மேடையில் ஆள் உயரத்துக்குக் கோப்பைகள். ஆடுகிறவர்களில் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பையன்கள் உண்டு, காலேஜ் மாணவர்கள் உண்டு, கட்டட வேலைக்காரர்கள் உண்டு. விடிய விடிய ஆட்டம். மறுநாள் காலை ஒருவன் நொண்டிக்கொண்டே வீட்டுக்கு வருவான். "சுளுக்குதாம்மா... எண்ணெய் போட்டு நீவினா சரியாயிடும்!"

சுளுக்கா, ஜவ்வு கிழிசலா... யாருக்குத் தெரியும்? கோப்பை வாங்கிய டீமின் பெயர் மறுநாளே ஃப்ளெக்ஸ் போர்டில் ஏறிவிடும். காயம்பட்டவர்கள் கணக்கை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

உடம்போடு உடம்பு மோதுகிற ஆட்டம் எப்போது பாதுகாப்பான ஆட்டமாக மாறுகிறது? நல்ல மனசு உள்ளவர்கள் நிர்வாகத்துக்கு வந்தால் மாறிவிடும் என்று நாம் நினைக்கிறோம். சரித்திரம் வேறு மாதிரி சொல்கிறது. ஆடுபவனின் உடம்புக்கும் கூலி உண்டு, விலை உண்டு என்று யாராவது கணக்கெழுத ஆரம்பிக்கும்போதுதான் மாறுகிறது!

இதற்கு இங்கிலாந்து வரை ஒரு நடை போய்வர வேண்டும்.

19-ம் நூற்றாண்டின் கடைசி. வடக்கு இங்கிலாந்தில் யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகள். நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டை மாதிரியே ஊர் முழுக்கத் தொழிற்சாலைகள். இங்கே தோல் என்றால் அங்கே நூற்பாலையும் நிலக்கரிச் சுரங்கமும். அந்தத் தொழிலாளிகளுக்கு ரக்பி என்றால் உயிர். ஆனால் ரக்பியை ஆண்டது லண்டன் கனவான்களின் சங்கம். "விளையாட்டு விளையாட்டுக்காகவே... காசு வாங்கினால் கேவலம்!" என்பது அவர்கள் சித்தாந்தம். பண்ணையும் பங்களாவும் இருப்பவர்களுக்கு அது சுலபம். சனிக்கிழமை மேட்ச் ஆடப் போனால் அரை நாள் கூலி போய்விடும் (நம்ம பாஷையில் 'லாஸ் ஆஃப் பே'!) என்றிருந்த சுரங்கத் தொழிலாளிக்கு? ஆட்டத்தில் கால் உடைந்தால் அடுத்த மாதம் அடுப்பு எரியுமா?

வடக்கத்திக் கிளப்புகள் ஒரு கோரிக்கை வைத்தன. ஆடுவதால் இழக்கிற கூலியை மட்டுமாவது கொடுத்துவிடலாமே என்று. 1893-ல் லண்டனில் ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 136, எதிர்ப்பு 282. தீர்ந்தது கதை!

தீரவில்லை. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் வடக்கத்திக் கிளப்புகள் கூடிப் பேசித் தனியாகப் பிரிந்தன. இழந்த கூலிக்கு ஈடாக ஒரு நாளைக்கு 6 ஷில்லிங் வரை தரலாம் என்று முடிவாயிற்று. அந்தப் பிரிவினையில் பிறந்ததுதான் பின்னாளில் 'ரக்பி லீக்' என்று பெயர் பெற்ற ஆட்டம். 1906-ல் டீமுக்கு 15 பேர் என்பதை 13 ஆகக் குறைத்தார்கள். பந்தோடு ஓடுபவனை எதிரணி மடக்கிச் சாய்க்க, அவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள, ஆட்டம் தொடரும். பாடிக்கொண்டு போகிறவனை நாலு பேர் சேர்ந்து அமுக்குகிற நம்ம கபடிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

கவனியுங்கள். அந்த 6 ஷில்லிங் மருத்துவச் செலவுக்கு இல்லை, இன்ஷூரன்ஸும் இல்லை. ஆனால் 'ஆடுகிறவன் உழைப்பாளி, அவன் நேரத்துக்கும் உடம்புக்கும் மதிப்பு உண்டு' என்று விளையாட்டு எழுதிக்கொடுத்த பத்திரம் அது.

அதே தேசத்தில் இன்னொரு கணக்கு எழுதப்பட 107 வருஷம் ஆயிற்று. ஜெஃப் ஆஸ்ல் என்ற பிரபல கால்பந்து வீரர். வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப்புக்காகப் பந்தைத் தலையால் முட்டி முட்டியே கோல் போட்டவர். அந்தக் காலத்துப் பந்து, தோல் பந்து. மழையில் நனைந்தால் தண்ணீரைக் குடித்துக் கனக்கும். ஊறிய தோல் என்ன கனம் கனக்கும் என்று வேலூர் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! ஆஸ்ல் நினைவு தப்பி, 2002 ஜனவரியில் 59 வயதில் இறந்துபோனார். மரண விசாரணை அதிகாரி எழுதிய காரணம்... 'தொழில் நோய்'!

இந்த வார்த்தை நமக்குப் புதிதல்ல. தோல் பதனிடும் குரோமியத்தால் வரும் நோய்கள், சட்டத்தின் தொழில் நோய்ப் பட்டியலில் இருப்பவை. தோல் பதனிட்டவனுக்கு வந்தால் தொழில் நோய். அதே தோலில் செய்த பந்தைத் தலையில் வாங்கினவனுக்கு வந்தாலும் தொழில் நோய்தான் என்றது ஆங்கிலேய விசாரணை. ரக்பி லீக்கிலும் இந்தக் கதை தொடர்கிறது. செயின்ட் ஹெலன்ஸ் கிளப்பின் முன்னாள் கேப்டன் பாபி கோல்டிங், 49 வயதிலேயே மறதி நோய் வந்திருப்பதாக 2021-ல் வெளியே சொன்னார். பழைய வீரர்கள் பலர் சேர்ந்து கோர்ட்டுக்குப் போனார்கள். தலையில் அடி என்று சந்தேகம் வந்தாலே வீரரை வெளியே கூட்டிப்போய்ப் பரிசோதிப்பது இப்போது அங்கே கட்டாயம்.

சரி, நம்ம ஊருக்குத் திரும்புவோம். 2022-ம் வருஷத்துக்கு.

அந்த வருஷம் ஜூலையில், கடலூர் மாவட்டம் பண்ருட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் கபடிப் போட்டி. பாடிப்போன இளைஞர் ஒருவர் மடக்கப்பட்டபோது நெஞ்சில் அடி. எழுந்திருக்கப் பார்த்தவர் அப்படியே சுருண்டு விழுந்தார். உயிர் போய்விட்டது. செல்போனில் எடுத்த அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. இரண்டு நாள் உச்சுக் கொட்டியது. பிறகு மறந்தது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 8, பெங்களூரு. புரோ கபடி லீகில் தமிழ் தலைவாஸ் அணியின் முதல் மேட்ச். 2017-ல் லீகுக்கு வந்ததிலிருந்து கடைசி இடத்தையே சுற்றிச் சுற்றி வந்த அணி அது. இந்த முறை நிலைமையை மாற்றியே தீருவது என்று பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்ச ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்திருந்தார்கள். அன்றைக்கு அதுதான் லீகின் உச்ச விலை. ஆட்டம் சூடுபிடிப்பதற்குள், எதிரணி ரெய்டரைப் பிடிக்கப் போன பவனின் முழங்கால் மடங்கியது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். அந்த சீசனே அவருக்கு அவ்வளவுதான்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. தலைவன் இல்லாத தலைவாஸ், நரேந்தர் என்ற அறிமுக ரெய்டரை நம்பி ஆடி, முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது! பவன்? சிகிச்சை, பயிற்சி, ஓய்வு... எல்லாம் முறைப்படி. அடுத்த வருஷம் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் இந்தியக் கபடி அணிக்குக் கேப்டனாகித் தங்கம் வாங்கினார். தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேலே கொடுத்து எடுத்தது. அடிபட்ட முழங்காலுக்கு விலை ஏறியிருந்தது!

பவன் மீது எந்தக் குறையும் இல்லை. அவருக்குக் கிடைத்தது எல்லா வீரனுக்கும் கிடைக்க வேண்டியது. அதே கபடி, அதே கோடு, அதே பிடி. ஒருவர் விழுந்தால் ஸ்ட்ரெச்சர் ஓடி வருகிறது. இன்னொருவர் விழுந்தால் கூட்டம் ஓடி வருகிறது. வித்தியாசம், ஒருவருடைய முழங்கால் யாரோ ஒருவரின் கணக்குப் புத்தகத்தில் ஏறியிருந்தது. அவ்வளவுதான்.

'நெஞ்சில் அடிபட்டால் விதி, யார் என்ன செய்ய முடியும்' என்று கேட்பீர்கள். 2023 ஜனவரி 2, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். அமெரிக்க ஃபுட்பால் மேட்ச். டாமர் ஹாம்லின் என்ற 24 வயது வீரர், மோதலில் நெஞ்சில் அடிபட்டார். எழுந்தார். அப்படியே மல்லாந்தார். இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் நெஞ்சில் அடி விழுந்தால், நல்ல இதயமும் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். அதன் பிறகு போகிற ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் சுமார் பத்து சதவிகிதத்தைத் தின்றுகொண்டே போகும். மைதானத்தில் தயாராக நின்ற குழு உடனே நெஞ்சை அழுத்தி, மின் அதிர்ச்சி கொடுத்து இதயத்தை ஓடவைத்தது. ஹாம்லின் அதே வருஷம் மறுபடி ஆட வந்துவிட்டார். அங்கே விதியை ஜெயித்தது ஒரு சின்னப் பெட்டியும் அதை இயக்கத் தெரிந்த ஆட்களும்!

அமெரிக்கா வேண்டாம் என்றால் எருது விடும் விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர், திருப்பத்தூர் பக்கம் தை மாதம் எருதுகள் தெருவில் சீறிப் பாய்வதைப் பார்க்காதவர் உண்டா? 2017-ல் வந்த ஜல்லிக்கட்டுச் சட்டம் இந்த விழாவையும் சேர்த்துக்கொண்டது. கலெக்டர் அனுமதி வேண்டும். கால்நடை டாக்டர் பார்த்து 'ஓகே' சொன்னால்தான் எருது களத்துக்கு வரலாம். எருதுக்கு டாக்டர் சர்டிபிகேட்! நல்லது, வேண்டியதுதான். ஆனால் நம்ம ஊர்க் கபடியில் இறங்குகிற பையனை ஒரு டாக்டர் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறோமா? அதற்காக எருதாகப் பிறக்க வேண்டுமா என்ன?

இத்தனைக்கும் உடைந்த உடம்பை ஒட்டவைப்பதில் இந்த மண்ணுக்குப் பெரிய சரித்திரம் இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைச் சிகிச்சைத் துறை 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி தலைமையில் தொடங்கியது எங்கே தெரியுமா? வேலூர் சி.எம்.சி-யில்! அங்கேதான் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார். 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவாகக் காரணமாக இருந்தார். முடங்கிப்போனவர்களை மறுபடி வேலைக்கும் வீட்டுக்கும் அனுப்புவதுதான் அதன் நோக்கம்.

ஆனால் எப்பேர்ப்பட்ட ஆஸ்பத்திரியும் மைதானத்திலிருந்து அங்கே போய்ச்சேரும் வரை உதவாது. சோளிங்கரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கும் மேலே. நின்றுபோன இதயத்துக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். கழுத்தில் அடிபட்டவனை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி பைக்கில் நடுவே உட்காரவைத்து ஓட்டினால், மைதானத்தில் தப்பிய முதுகுத்தண்டு ரோட்டில் முறிந்துவிடலாம்!

ஷூ கம்பெனியில் மெஷினில் விரல் போனால் ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. ஊனத்துக்கு ஈடு கிடைக்கும். அதே பையன் ஞாயிற்றுக்கிழமை கபடியில் முழங்காலை உடைத்துக்கொண்டால், ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சிகிச்சை கிடைக்கலாம். ஊன ஈடு கிடையாது. ஏனென்றால் அது 'விளையாட்டு'. லண்டன் கனவான்கள் 1893-ல் சொன்ன அதே வார்த்தை!

"இப்படியெல்லாம் பார்த்தா ஊர்ல யாரும் போட்டியே நடத்த முடியாதுங்க" என்று போட்டி நடத்துகிற அண்ணன்மார்கள் சொல்லலாம். செலவு உண்மைதான். ஆனால் கோப்பையின் உயரத்தில் ஒரு அடி குறைத்தால்? ஃப்ளெக்ஸ் போர்டில் இரண்டு தலைகளைக் குறைத்தால்? மைதானத்தின் ஓரம் ஒரு ஆம்புலன்ஸ், நெஞ்சை அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்த நாலு பையன்கள், நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை எடுத்து டீமுக்கே ஒரு விபத்துக் காப்பீடு. 'தலையில் அடிபட்டவன் இன்றைக்கு மறுபடி இறங்கக் கூடாது' என்று நடுவர் சொன்னால், மைக்கில் அவனைக் கோழை என்று கிண்டலடிக்காத ஒரு வர்ணனையாளர். ரொம்ப முக்கியமாக, ஒரு நாற்பது பக்க நோட்டு. யார், எந்த ஊர், எங்கே அடி, என்ன ஆயிற்று என்று எழுத!

1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடியவர்கள் புரட்சிக்காரர்கள் இல்லை. கிளப் நடத்துகிற சாதாரண உள்ளூர்ப் பிரமுகர்கள். தங்கள் டீம் ஜெயிக்க வேண்டும் என்ற சுயநலமும் அவர்களுக்கு இருந்தது. ஆனால் ஆடுகிறவனின் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது.

அடுத்த பொங்கலுக்கு உங்கள் ஊர்ப் போட்டிக்கு நன்கொடை கேட்டு வருவார்கள். தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்... "தம்பி, ஆம்புலன்ஸ் எங்கப்பா நிக்கும்?"