பிளவுக்கோட்டில் ஓர் ஊர்

மேற்கே ஆரன் தீவிலிருந்து கிழக்கே ஸ்டோன்ஹேவன் வரை ஸ்காட்லாந்தைக் குறுக்காக வெட்டிச் செல்கிறது ஒரு நிலப்பிளவு. வடக்கே உருமாறிய பழம்பாறைகளாலான மலைநாடு. தெற்கே செம்மணற்பாறைத் தாழ்நிலம். இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில், ஸ்டர்லிங்கிலிருந்து சுமார் 25 கி.மீ. தொலைவில் இருக்கிறது கேலந்தர். மூவாயிரம் பேரளவில் வாழும் சிற்றூர். இதன் கதையை எங்கே தொட்டாலும் அந்தப் பிளவில்தான் கொண்டுபோய்விடும்.

ஊருக்குக் கிழக்கே பிராக்லின் அருவிக்குப் போனால் பிளவின் கைவேலையைத் தொட்டே பார்க்கலாம். கடலை மிட்டாயில் கடலை பதிந்திருப்பதுபோல, உருண்ட கூழாங்கற்கள் இறுகிய பாறையில் பதிந்திருக்கின்றன. ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் அடித்துவந்து சேர்த்த கற்கள் அவை. கிடையாகப் படிந்த அடுக்குகள் நிலம் நெரிந்ததில் சாய்ந்துவிட்டன. அந்தச் சாய்வில்தான் கெல்டி ஓடை விழுந்து பாய்கிறது.

வடமேற்கே 879 மீட்டர் உயரத்தில் பென் லேடி மலை. பனியாறுகள் அரித்த பள்ளங்களில் ஏரிகள் தேங்கின. லப்னேக் ஏரியின் நீர் லெனி கணவாய் வழியே இறங்குகிறது. கேட்ரின் ஏரியின் நீர் ஆக்ரே, வெனகர் ஏரிகளைக் கடந்து வருகிறது. இரண்டும் ஊரின் மேற்கு எல்லையில் கூடி டீத் ஆறாகின்றன.

இந்த நீருக்குப் பெரிய வரலாறு உண்டு. காலராவால் அல்லலுற்ற கிளாஸ்கோ நகரம், பொறியாளர் ஜான் பிரெடரிக் பேட்மனின் திட்டப்படி கேட்ரின் நீரைத் தன் பக்கம் திருப்பியது. 1859இல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்த அந்தக் கால்வாய், மலைகளைக் குடைந்து சுமார் 40 கி.மீ. செல்கிறது. எங்கும் நீரை இறைக்க வேண்டியதில்லை. நிலத்தின் சாய்வே அதை இட்டுச் செல்கிறது. ஆனால் கீழே டீத் ஆற்றை நம்பி டீன்ஸ்டன் பருத்தி ஆலை ஓடிக்கொண்டிருந்ததே! அதனால் வெனகர் ஏரியின் வாயில் மதகு கட்டி ஆற்றுக்குரிய பங்கை அளந்து விட்டார்கள். நகரத்தின் தாகம் தீர்த்தபோது ஆற்றின் பங்கையும் மறக்காத அந்த மதகுதான், கால்வாயைவிடப் பாராட்டத்தக்கது.

வால்டர் ஸ்காட் 1810இல் வெளியிட்ட 'தி லேடி ஆஃப் தி லேக்' காவியம் கேட்ரின் ஏரியை ஊரறியச் செய்தது. 1858இல் கேலந்தருக்கு ரயில் வந்தது; பயணிகள் குவிந்தார்கள். பின்னர் ஓபன் துறைமுகம்வரை நீண்ட அந்தப் பாதையில் கேலந்தர் வழியே சென்ற பகுதி, 1965இல் கிளென் ஓகிலில் பாறை சரிந்த பிறகு மூடப்பட்டது. இன்று அந்தத் தடத்தின் சில பகுதிகள் மிதிவண்டிப் பாதை.

கேலந்தருக்குப் போகிறவர்கள் கேட்ரின் ஏரிப் படகுக்கு விரையுமுன், ஊருக்குப் பின்னாலுள்ள பாறை முகட்டில் ஒருமுறை ஏறிவிடுங்கள். மலைநாடும் தாழ்நிலமும் பிரியும் எல்லைக்கோட்டை அங்கிருந்து கண்ணாலேயே பார்த்துவிடலாம்.