கணக்கெடுப்புக்கு வெளியே ஒரு குடி: சென்னையின் தென்புறநகர்க் கட்டமைப்புத் திட்டங்களும் இருளர் வாழ்வாதாரமும்

ஒரு சாலையால் பாதிக்கப்படுவோர் யார் என்பது, நில எடுப்பு அலுவலர்கள் கொண்டுவரும் படிவத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. புல எண், பட்டாதாரர் பெயர், பரப்பு, கட்டடம், கிணறு, மரம் என எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. அறுவடை முடிந்த பிறர் வயலில் வளை தோண்டி, எலியையும் அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுத்துப் பிழைக்கும் குடும்பத்துக்கு இடமில்லை. தாம்பரத்துக்குத் தெற்கே செங்கல்பட்டு, திருப்போரூர், திருக்கழுக்குன்றம் வட்டங்களில் வாழும் இருளர் பலரின் நிலை இதுதான். பழங்குடியினரைக் கலந்து திட்டமிடுதல் என்பது இங்கே பொருள்பட வேண்டுமானால், ஒப்புதல் பற்றிய விவாதத்துக்கு முன்பே கணக்கெடுப்பு மாற வேண்டும் என்பது என் வாதம்.

மாற்றத்தின் வேகம் கண்கூடு. தாம்பரம் 2021 நவம்பரில் மாநகராட்சியானது. சென்னைப் பெருநகரப் பகுதியை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கும் அரசாணை 2022இல் வந்தது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. எண்ணூரிலிருந்து மாமல்லபுரம் அருகே பூஞ்சேரி வரை சுமார் 132 கிலோமீட்டர் நீளும் எல்லைச் சாலை, சிங்கப்பெருமாள்கோயிலுக்குக் கிழக்கே இருளர் புழங்கும் வயல்களும் ஏரிகளும் புதர்க்காடுகளும் நிறைந்த நாட்டுப்புறத்தைக் கடந்து செல்கிறது. தமிழ்நாட்டில் மிகவும் பாதிக்கப்படக்கூடிய பழங்குடிகளாக அறிவிக்கப்பட்ட ஆறில் இருளர் ஒன்று. 2011 கணக்கெடுப்பில் மாநிலத்தில் அவர்கள் தொகை ஏறத்தாழ 1.9 லட்சம்.

பழங்குடி ஒப்புதல் என்றதும் ஆய்வாளர்கள் காட்டும் சட்டங்கள் இங்கே வேலைக்கு ஆகா. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே அத்தகைய பகுதிகளுக்குப் பஞ்சாயத்து முறையை விரிக்கும் 1996ஆம் ஆண்டின் பெசா சட்டம் பொருந்தாது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் வன நிலத்தோடு நின்றுவிடுகிறது. சமவெளி இருளர் புழங்கும் இடங்களோ பெரும்பாலும் ஏரிப் புறம்போக்கு, மேய்க்கால், தனியார் வயல், உப்பங்கழி.

இவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு விதி 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் 3(சி) பிரிவு, நிலமே இல்லாவிட்டாலும், மூன்று ஆண்டுகளாகக் காட்டையோ நீர்நிலையையோ நம்பிப் பிழைக்கும் குடும்பத்தைப் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. வேட்டையாடுவோரையும் மீன்பிடிப்போரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அந்தக் குடும்பங்களைத் தேடிக் கண்டெடுக்க வேண்டிய கருவி சமூகத் தாக்க மதிப்பீடு. தமிழ்நாடு அந்தக் கருவியைத்தான் கழற்றி வைத்தது. 105-ஏ பிரிவைச் சேர்த்து, 2001ஆம் ஆண்டின் மாநில நெடுஞ்சாலைச் சட்டம் உள்ளிட்ட மூன்று சட்டங்களுக்கு விலக்களித்தது. உயர் நீதிமன்றம் 2019இல் அது செல்லாது என்றது. அதே ஆண்டு அரசு மறுஉயிர்ப்புச் சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 2021இல் அதை ஏற்றது. சட்டப்படி இது முடிந்த கதை. ஆனால் இழப்பீட்டு விகிதம் பொருந்தும், யாருக்கு இழப்பு என்று தேடும் கடமை பொருந்தாது என்ற ஏற்பாடு நிலமற்றவரையே முதலில் கைவிடும். வெளிக்கடனில் போடும் சாலைகளுக்கோ உலக வங்கியின் ஏழாம் சமூகத் தரமும் ஜப்பானின் ஜைக்கா நெறிமுறைகளும் பழங்குடியினருக்குத் தனித் திட்டம் கேட்கின்றன. வெளிக்கடனில் போடும் சாலைக்கு ஒரு நியாயம், நம் சொந்தப் பணத்தில் போடும் சாலைக்கு வேறொன்று என்பதை எப்படி ஏற்பது?

ஆவணம் இல்லாத பிழைப்பை எப்படிக் கணக்கெடுப்பது என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. வடநெம்மேலியில் அதற்கு விடை இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வணிகம் நின்று, பிழைப்பு இழந்த இருளர்கள் 1978இல் அங்கே பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து, வாயைத் துணியால் கட்டிய மண்பானைகளில் வைத்து, சில வாரங்களில் சில முறை நஞ்செடுத்து, திரும்பக் காட்டில் விடுகிறார்கள். விடும் முன் பாம்பின் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு இடப்படும்; அதே பாம்பு உடனே மறுபடி பிடிபட்டால் அந்தக் குறி காட்டிக்கொடுக்கும். இன்ன வகையில் இத்தனை பாம்பு என்று வனத்துறை உரிமம் வரம்பு கட்டுகிறது. செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அரசின் ஒரு துறை உரிமம் கொடுத்துப் பதிந்துவைத்திருக்கும் தொழில், இன்னொரு துறையின் படிவத்தில் இல்லாத தொழிலாகிவிடுகிறது. இதை அறியாமை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை.

இருளர் சிதறி வாழ்கிறார்கள், யாரைக் கூட்டிப் பேசுவது என்பது மற்றொரு தடை. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கன்னியம்மனைக் கும்பிடப் பல மாவட்டங்களிலிருந்து வந்து கூடி, மணமும் பேசி முடிக்கும் சமூகத்தைப் பார்த்து இப்படிச் சொல்வது பொருந்தாது. அவர்கள் வழிபாட்டில் போய்க் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தச் சொல்லவில்லை. யார் பெரியவர்கள், யார் சொல்லுக்கு மதிப்பு என்பதை அந்த உறவுவலை வழியே அறியலாம் என்கிறேன். தண்டரையில் 1986 முதல் இயங்கும் இருளர் பழங்குடி மகளிர் நலச் சங்கமும் அருகிலேயே இருக்கிறது.

கணக்கெடுப்பின் காலமும் முக்கியம். ஏரி நிறைந்திருக்கையில் மீன், அறுவடைக்குப் பின் எலி, செங்கல் சூளைக் காலத்தில் குடும்பத்தோடு வெளியூர். கோடையில் ஒருமுறை போய்ப் பூட்டிய குடிசையைப் பார்த்துத் திரும்பும் குழு, அங்கே யாரும் இல்லை என்றே எழுதும். ஓராண்டுச் சுழற்சியைத் தொடர்ந்து பார்த்த பின்பே சாலையின் தடம் உறுதியாக வேண்டும். இனச் சான்றிதழையும் முன்நிபந்தனை ஆக்கக்கூடாது. கோட்டாட்சியரிடமிருந்து அதைப் பெறவே பல குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் அலைகின்றன.

இதெல்லாம் திட்டங்களைத் தாமதப்படுத்தும் என்பார்கள். உண்மைதான், சில மாதங்கள் ஆகும். ஆனால் இருளர்கள் சாலையை மறுக்கும் மக்கள் அல்லர். பட்டா, மின்சாரம், குடிநீர், தெருவிளக்கு, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வழி, இவை அவர்களே நெடுங்காலமாகக் கேட்டுவருபவை. ஏரிக்கரைக் குடிசைகளை 2007ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஆக்கிரமிப்பு என்று மட்டும் பார்க்காமல், மாற்று மனையை நீர்நிலைக்கு நடந்துபோகும் தொலைவில் ஒதுக்கினால், வீடும் தொழிலும் சேர்ந்தே தங்கும்.

நகர்ப்புறத்தில் கிராம சபை இல்லை. பகுதி சபை இருக்கிறது. 2022 நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த பகுதி சபையில் முதல்வரே கலந்துகொண்டார். ஊராட்சிகள் மாநகராட்சிக்குள் வரும்போது, இருளர் குடியிருப்புள்ள பகுதிகளின் சபைகளில் அவர்களுக்கு உறுப்பினர் இடம் வேண்டும். ஓராண்டுக் கணக்கெடுப்பில் உருவாகும் வாழ்வாதாரப் பதிவேடு அந்தச் சபையில் வாசித்து ஏற்கப்பட வேண்டும். எல்லைச் சாலை முடியும் அதே பூஞ்சேரியில்தான் 2021 நவம்பர் 4 அன்று இருளர், நரிக்குறவர் குடும்பங்களுக்கு அரசு பட்டா வழங்கியது. அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோயில் வரையுள்ள ஊர்களில், நெடுஞ்சாலைத் துறையும் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் சேர்ந்து அத்தகைய முதல் பதிவேட்டைத் தொடங்கலாம். அதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, ஓர் அரசாணை போதும்.