சூடேறாதவற்றின் ஆதாயம்: நுண்ணலையில் இறுகும் கலவைப்பொருட்கள்

பிசின் ஊறிய கார்பன் இழை அடுக்குகளை ஆட்டோகிளேவ் என்னும் அழுத்தக் கலனில் ஏற்றி, ஏறத்தாழ 180 பாகை செல்சியசில், ஆறேழு வளிமண்டல அழுத்தத்தில் இறுகவைப்பது விமானத் துறையில் வேரூன்றிய முறை. ஏர்பஸ் ஏ350 விமானத்தின் உடற்கட்டு எடையில் பாதிக்குமேல் கலவைப்பொருட்கள்தாம். ஆனால் அந்தக் கலனில் செலவாகும் வெப்பத்தின் பெரும்பங்கு பாகத்துக்குப் போவதில்லை. எஃகுச் சுவர், உள்ளே சுழலும் வாயு, கனத்த உலோக அச்சு ஆகியவை எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதே பிசினுக்கு வருகிறது. நுண்ணலை இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. அதன் ஆதாயம் முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. மூலக்கூறு அளவில் தனி விந்தை எதையும் தேட வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நுண்ணலை வேதிவினையையே முடுக்குகிறது, கிளர்வு ஆற்றலைக் குறைக்கிறது என்ற கூற்று ஆய்விதழ்களில் இன்றும் தலைகாட்டுகிறது. 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு ஃபோட்டான் சுமப்பது எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்கு. அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப அசைவே அதைப்போல் 2,500 மடங்கு. 1990இல் மிஜோவிச், விஜயா இருவரும் எப்பாக்சிப் பிசின் இறுகுவதை நுண்ணலை, வழக்கமான சூடேற்றல் என இரு முறைகளிலும் ஒப்பிட்டபோது வேக முடுக்கம் தென்படவில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் காப்பே குழுவினர் கரிமத் தொகுப்பு வினைகளில் செய்த சோதனை இன்னும் நேர்த்தியானது. சிலிக்கன் கார்பைடு குப்பி நுண்ணலையைத் தானே விழுங்கிக்கொள்ளும். உள்ளிருக்கும் கலவைக்கு வெப்பம் மட்டுமே சேரும். கண்ணாடிக் குப்பியிலும் இதிலும் வெப்பநிலையை ஒன்றாக வைத்தபோது விளைவும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

அப்படியானால் முடுக்கம் காட்டிய எண்கள் எங்கிருந்து வந்தன? பெரும்பாலும் வெப்பநிலை அளவீட்டிலிருந்து என்பது என் கணிப்பு. அகச்சிவப்புக் கருவி மேற்பரப்பை மட்டுமே காணும். அதுவோ குளிர்ந்த காற்றுக்கு வெப்பத்தை இழந்துகொண்டிருக்க, உட்பகுதி அதைவிடச் சூடாக இருக்கும். ஒளியிழை உணரி நம்பத்தக்கது, ஆனால் தான் தொடும் புள்ளியைத் தாண்டி எதுவும் சொல்லாது. உண்மை வெப்பநிலையைக் குறைத்துப் பதிந்தால் வினை விரைந்ததுபோல்தான் தோன்றும்.

அலை எதைச் சூடாக்கும் என்பது இழையைப் பொறுத்தது. கண்ணாடி இழை அலையை ஏறக்குறைய அப்படியே கடக்கவிடுகிறது. அங்கே ஆற்றலை உறிஞ்சுவது பிசினின் இருமுனைகளே; குறுக்குப்பிணைப்பு பெருகி அவை அசைய இடமின்றிப் போகும்போது உறிஞ்சுதலும் தளர்கிறது. கார்பன் இழையோ மின்கடத்தி. அதில் தூண்டப்படும் மின்னோட்டம் வெப்பமாகி, அந்த வெப்பம் பிசினுக்குக் கடத்தப்படுகிறது. வழக்கமான வெப்பக் கடத்தல்தான். அடுப்பு சில மைக்ரோமீட்டர் தொலைவில் இருக்கிறது, அவ்வளவே. மூலக்கூறு விந்தைக்குக் கார்பன் அடுக்குகளிலிருந்து சான்று காட்டுவோர் இதை எப்படிக் கடந்துபோகிறார்கள் என்பது எனக்கு வியப்பு.

தொல்லையும் அதே கடத்துதிறனால்தான். 2.45 கிகாஹெர்ட்ஸில் கார்பனுக்குள் அலை புகும் ஆழம் சுமார் 40 மைக்ரோமீட்டர். தனி இழையின் விட்டம் 5 முதல் 7 மைக்ரோமீட்டர். ஆகவே தனி இழை ஒரு தடையே அல்ல. இழைகள் ஒன்றையொன்று தொட்டபடி, பல திசைகளில் மாறி மாறிப் படியும்போது நிலைமை வேறு: மின்புலம் எத்திசையில் இருந்தாலும் ஏதோ ஓர் அடுக்கு அதைத் திருப்பி அனுப்பிவிடும். வெட்டிய விளிம்புகளில் பொறி பறக்கும். நிலை அலைகளால் சூடும் குளிருமாகத் திட்டுகள் வேறு. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் உருவான ஹெஃபைஸ்டோஸ் என்னும் அறுகோணக் கலன் புலத்தைச் சீராக்கும் முயற்சி. சீனாவின் நான்ஜிங் ஆய்வாளர்கள் ஒரு புலவடிவம் விட்ட குறையை அடுத்த புலவடிவத்தால் ஈடுசெய்யப் பார்க்கிறார்கள்.

நேரமும் மின்சாரமும் மிச்சம் என்று காட்டும் ஆய்வுகள் வழக்கமாக ஆட்டோகிளேவையே எதிரே நிறுத்துகின்றன. நுண்ணலைக் கலனில் பெரும்பாலும் வெற்றிடப் பை தரும் ஒரு வளிமண்டல அழுத்தமே கிடைக்கிறது. குமிழ்கள் மிஞ்சி வலிமை குறைந்தால் அது அழுத்தத்தின் குறையா, அலையின் குறையா என்று பிரிக்க வழியில்லை. தகுந்த எதிராளி, மின்கம்பி பதித்துத் தானே சூடேறும் அச்சு. அதுவும் கலன் சுவரையும் வாயுவையும் சூடாக்குவதில்லை. அதற்கெதிரே நுண்ணலைக்கு எஞ்சும் மேன்மை அச்சும் சூடேறாமல் இருப்பது ஒன்றே. உலோக அச்சு என்றால் அலை திரும்பிவிடும், அடுக்கின் அடிப்பக்கம் அச்சின் குளிரில் பின்தங்கும். பீங்கான் போன்ற அலைபுகும் பொருளில்தான் அச்சைச் செய்ய வேண்டும். சிறகு நீளத்துக்கு அப்படியோர் அச்சைச் செய்து, பாகத்தின் வெப்பம் மீண்டும் மீண்டும் பட்டும் அளவு பிறழாமல் காப்பதற்கான செலவை, மிச்சமான மின்சாரத்தின் பக்கத்திலேயே எழுதிக் கழிக்க வேண்டும்.