வருகைப்பதிவேடு இல்லாத பணியிடம்: பெருந்தொற்றுக்காலப் பணியாளர் நல ஆய்வுகளும் ஜவ்வாது மலையும்

முன்னுரை

கோவிட்-19 பெருந்தொற்றின்போது பணியாளர்களின் உடல்நலம், மனநலம் பற்றி உலகெங்கும் ஆய்வுகள் குவிந்தன. அவற்றுள் நம்பகமானவை பெரும்பாலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் பெரிய தொழிற்சாலைகளிலும் நடந்தவை. அங்கெல்லாம் பணியாளர் யார், எத்தனை பேர், எந்தப் பிரிவில் வேலை என்ற மூன்று கேள்விக்கும் ஆய்வு தொடங்கும் முன்பே விடை இருந்தது. அந்த விடையைத் தந்தது வருகைப்பதிவேடு. பதிவேடே இல்லாத உழைப்பை எப்படி ஆராய்வது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இதற்கு ஜவ்வாது மலை பொருத்தமான களம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான இது திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஒன்றியத்தில் 11 ஊராட்சிகள் உள்ளன. அவற்றுக்குள் சிறு சிறு குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. மக்களில் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைப்பும் புளி, தேன், கடுக்காய் சேகரிப்பும் போக, ஆண்டின் பல மாதங்கள் கீழ்நாட்டுக்கும் அண்டை மாநிலங்களுக்கும் கூலி வேலைக்குப் போவதுதான் பல குடும்பங்களின் வருமானம். காவலூர் வானாய்வகம், பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், அரசு அலுவலகங்கள் ஆகியவற்றை விட்டால் சுவர்களுக்குள் நடக்கும் வேலை இங்கே மிகக் குறைவு.

பதிவேடு தந்த வலிமை

மலைக்குக் கீழே, வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி தன் பணியாளர்களிடம் நடத்திய தடுப்பூசி ஆய்வு 2021இல் ‘மாயோ கிளினிக் புரொசீடிங்ஸ்’ இதழில் வெளியானது. மொத்தப் பணியாளர் 10,600 பேர். 2021 சனவரி 21 முதல் ஏப்ரல் 30 வரை அவர்களில் 8,991 பேர் தடுப்பூசி போட்டுக்கொண்டனர். இரண்டாம் அலை உச்சத்தில் இருந்தபோது இரண்டு தவணை ஊசி தொற்றிலிருந்து 65 விழுக்காடும், மருத்துவமனைச் சேர்க்கையிலிருந்து 77 விழுக்காடும், தீவிர சிகிச்சைத் தேவையிலிருந்து 94 விழுக்காடும் பாதுகாப்பு அளித்தது. ஆய்வுக் காலத்தில் இறந்த பணியாளர் ஒருவரே. பல இணைநோய்கள் கொண்டிருந்த அவர் தடுப்பூசி போட்டிருக்கவில்லை.

இந்த முடிவுகளுக்கு வலிமை தந்தது 10,600 என்ற வகுஎண். யாருக்கு ஊசி போடப்பட்டது, யாருக்குக் காய்ச்சல் கண்டது, யார் சேர்க்கப்பட்டார் என்ற மூன்று தகவலும் ஒரே நிறுவனத்தின் ஆவணங்களில் இருந்தன. ஊசி போட்டவரும் போடாதவரும் வேறு வகைகளில் வேறுபட்டிருக்கலாம் என்ற குறை இத்தகைய பின்னோக்கு ஆய்வுகளுக்கு உண்டு. ஆயினும் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதில் ஐயமில்லை.

வகுஎண் இல்லாத இடத்தில் நேர்வது வேறு. 2020 சனவரி முதல் 2021 மே வரை உலகில் கோவிட்டால் இறந்த சுகாதாரப் பணியாளர்கள் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். இந்தியாவில் கோவிட்டால் இறந்த மருத்துவர்கள் 382 பேரின் பட்டியலை 2020 செப்டம்பரில் வெளியிட்டது இந்திய மருத்துவச் சங்கம். அதாவது, சங்கம் உள்ள தொழிலுக்கு ஒரு பட்டியலாவது கிடைத்தது. ‘ஆஷா’ எனப்படும் கிராமச் சுகாதாரப் பணியாளருக்கும் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளருக்கும் அதுவும் இல்லை.

வாசற்படியே பணியிடம்

சுவர்களுக்கு வெளியே நடக்கும் வேலையை முறையாக ஆராய முடியாது என்பதற்கில்லை. சென்னையில் வீடுவீடாகச் சென்று ஆலோசனை சொன்ன சமுதாய சுகாதாரப் பணியாளர்கள் 62 பேரைப் பற்றிய சிறு ஆய்வு 2020இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. மே மாதத் தொடக்கத்தில், முகத்தடுப்பு இன்றி, முகக்கவசம், கையுறை போன்றவற்றை அணிந்து 5,880 வீடுகளுக்குச் சென்றபோது அவர்களில் 12 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. பிறகு கண்ணாடி போன்ற முகத்தடுப்பும் கொடுக்கப்பட்டது. எஞ்சிய 50 பேர் சூன் இறுதிவரை 18,228 வீடுகளுக்குச் சென்றனர். ஒருவருக்கும் தொற்று இல்லை. இத்தனைக்கும் இரண்டாம் கட்டத்தில் அவர்கள் சந்தித்தவர்களில் 2,682 பேர் பின்னர் தொற்றுள்ளவர்களாகக் கண்டறியப்பட்டனர். முதல் கட்டத்தில் அந்த எண்ணிக்கை 222 மட்டுமே.

ஒப்பீட்டுக் குழு இல்லாத, முன்-பின் ஆய்வு இது. முதல் கட்ட அனுபவத்துக்குப் பின் பணியாளர்களின் எச்சரிக்கையும் கூடியிருக்கலாம். எனவே முழுப் பெருமையையும் முகத்தடுப்புக்குக் கொடுக்க இயலாது. ஆனால் முறையியலில் இது சொல்வது முக்கியமானது. பணியிடம் ஆயிரக்கணக்கான வாசற்படிகளாகச் சிதறியிருந்தபோதும், போன வீடுகளின் கணக்கு கையில் இருந்ததால் ஆய்வு சாத்தியமாயிற்று.

அரசுக் களப்பணியாளரும் மருத்துவமனை ஊழியரைப் போலவே தொற்றுக்கு ஆளாயினர் என்பதற்குச் சான்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020 டிசம்பர், 2021 சனவரியில் நடத்திய மூன்றாவது தேசிய எதிர்ப்பொருள் ஆய்வில், 18 வயதுக்கு மேற்பட்ட பொதுமக்களில் 21.4 விழுக்காட்டினரிடமும் சுகாதாரப் பணியாளர்களில் 25.7 விழுக்காட்டினரிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டது. மருத்துவர், செவிலியரிடையே 26.6 விழுக்காடு; களப்பணியாளரிடையே 25.3. வேறுபாடு சொற்பம். ஆய்வு நடந்த 70 மாவட்டங்களில் திருவண்ணாமலையும் ஒன்று. ஆனால் மாவட்டத்துக்குப் பத்துத் திரள்கள் என்ற வடிவமைப்பு தேசிய மதிப்பீட்டுக்கு உரியது. மலைக்கென்று தனி எண்ணை அது தராது. மலை மாவட்டச் சராசரிக்குள் கரைந்துவிடும்.

தலைக்கணக்கும் மலைச்சரிவும்

களப்பணியாளரின் நலத்தை நோய்த்தொற்று மட்டும் தீர்மானிப்பதில்லை. வேலையின் அமைப்பும் தீர்மானிக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கும், மலை, பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது தேசிய நெறி. சலுகை போலத் தோன்றும் இந்நெறி தலைகளை எண்ணுகிறது. தொலைவையும் ஏற்றத்தையும் எண்ணுவதில்லை. சமவெளிக் கிராமம் ஒன்றில் மூன்று தெருவில் முடியும் வேலை, மலையில் பல குக்கிராமங்களுக்கு ஏறி இறங்கும் வேலையாகிவிடுகிறது.

தடுப்பூசிப் பணி இதை வெளிச்சமிட்டுக் காட்டியது. கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 10 தவணை மருந்து இருந்தது. திறந்த குப்பியை 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டியிருந்தது. வீணாகும் அளவு ஒரு விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2021இல் ஒன்றிய அரசு மாநிலங்களை வலியுறுத்தியது. குளிர்ப்பெட்டியைத் தோளில் மாட்டி ஒரு குக்கிராமத்துக்கு வரும் கிராம சுகாதார செவிலியரின் முன் ஏழு பேர் கை நீட்டினால் அவர் என்ன செய்வார்? குப்பியைத் திறந்தால் மூன்று தவணை வீண், கணக்குக் கேட்பார்கள். திறக்காவிட்டால் காட்டு வேலையை விட்டு வந்த ஏழு பேர் வெறுங்கையோடு திரும்புவார்கள். அடுத்த முறை வருவார்களா என்பது ஐயம். அடுத்த ஊருக்கு எடுத்துப் போகலாம் என்றால் 4 மணி நேரம் நடந்துகொண்டே இருக்கிறது. இந்த நெருக்கடி அவருடைய மனவலிமைக் குறைவால் வருவதில்லை. குப்பியின் அளவும் இலக்கின் அளவும் ஊரின் அளவும் பொருந்தாததால் வருகிறது. யோகா வகுப்பும் ஆலோசனைத் தொலைபேசி எண்ணும் இதைத் தீர்க்கமாட்டா. பணிச்சோர்வைத் தனிமனிதக் குறையாக அளக்கும் வினாநிரல்கள் இதைக் காணவும் மாட்டா.

ஆஷா பணியாளரின் நிலை இன்னும் சிக்கலானது. தமிழ்நாட்டில் இவர்கள் முதன்மையாகப் பழங்குடி, தொலைதூரப் பகுதிகளிலேயே உள்ளனர். அரசு இவர்களைத் தன்னார்வலர் என்றே வகைப்படுத்துகிறது. பெறுவது ஊதியம் அல்ல, ஊக்கத்தொகை. 2020 மார்ச் 30 முதல் நடைமுறைக்கு வந்த 50 லட்சம் ரூபாய் காப்பீட்டுத் திட்டம் இவர்களையும் உள்ளடக்கியது. 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இவர்களுக்கு விருதும் அளித்தது. இறந்தால் இழப்பீடு, பொதுவில் பாராட்டு, ஆனால் உயிரோடு வேலை செய்யும்போது பணியாளர் என்ற தகுதி இல்லை. பணியாளர் என்றே எண்ணப்படாதவர் பணியாளர் நல ஆய்வில் இடம்பெறாததில் வியப்பில்லை.

மலையிறங்கிய உழைப்பு

2020 மார்ச் 25 ஊரடங்குக்குப் பின் சுமார் 1.04 கோடிப் புலம்பெயர் தொழிலாளர் ஊர் திரும்பியதாக அவ்வாண்டு செப்டம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. வழியில் இறந்தோர் எத்தனை பேர் என்பதற்குத் தரவு இல்லை என்றும் அதே கூட்டத்தொடரில் தெரிவித்தது. அமைப்புசாராத் தொழிலாளரைப் பதிவு செய்யும் இ-ஷ்ரம் தளம் தொடங்கப்பட்டது 2021 ஆகஸ்டு 26ஆம் நாள். அதற்குள் இரண்டாம் அலையே ஓய்ந்துவிட்டது.

தொழில்சார் நோய்ப்பரவலியலில் ‘ஆரோக்கியத் தொழிலாளர் விளைவு’ என்றொரு கருத்து உண்டு. நோயுற்றோர் வேலையை விட்டு விலகுவதால், வேலையில் நீடிப்போரை மட்டும் அளந்தால் எந்தப் பணியிடமும் ஆரோக்கியமானதாகவே தெரியும். கட்டடப்பணியிலோ தோட்டத்திலோ நோய்வாய்ப்பட்ட மலைத் தொழிலாளி அங்கே தங்குவதில்லை, ஊருக்கு வருகிறார். முதலாளியின் ஏட்டில் அவர் வேலையை விட்டு நின்றவர். மலையின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழில் குறிக்கப்படாத ஒரு புறநோயாளி. நோயைத் தந்த இடமும் நோய் பதிவாகும் இடமும் வேறுவேறு. பணியிடத்தை அலகாகக் கொள்ளும் எந்த ஆய்வும், எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், இந்த இழப்பைக் காணமுடியாது.

மனநல ஆய்வுகளிலும் இதே சிக்கல்தான். பெருந்தொற்றுக்கால மனநலக் கணக்கெடுப்புகள் பல, இணையப் படிவங்களை ஒருவர் மற்றவருக்கு அனுப்பும் முறையில் நடந்தன. திறன்பேசியும் அலைவரிசையும் படிவத்தை நிரப்ப ஓய்வும் உள்ளவரே அவற்றில் பதில் சொன்னார்கள். அவற்றின் விழுக்காடுகளைத் தொழிலாளர் அனைவருக்கும் பொருத்துவது பிழை.

வசிப்பிடத்தை அலகாகக் கொள்ளுதல்

ஆகவே, சிதறிய உழைப்பை ஆராய வேண்டிய இடம் தொழிலாளி திரும்பி வரும் வீடு என்று இக்கட்டுரை வாதிடுகிறது. அதற்கு முன்மாதிரி இந்த மலையிலேயே உள்ளது. குடற்புழு நீக்கம் பற்றிய ‘டீவோர்ம்3’ ஆய்வு பெனின், மலாவி, இந்தியா ஆகிய மூன்று நாடுகளில் நடந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நடத்திய இந்தியப் பகுதிக்கான களம் திமிரியும் ஜவ்வாது மலையும். 40 திரள்களாகப் பிரித்து, வீடுவீடாக மக்கள்தொகைக் கணக்கெடுத்து அந்த ஆய்வு மேற்கொள்ளப்பட்டது. புழுவுக்காக இந்த மலையில் வீடுவீடாக எண்ண முடிந்தது என்றால் உழைப்பின் நலத்துக்காகவும் எண்ண முடியும். கடந்த ஓராண்டில் எங்கே, என்ன வேலை, எத்தனை மாதம், திரும்பியது ஏன் என்ற நான்கு கேள்விகளைக் கூடுதலாகக் கேட்டால் போதும். நூறு நாள் வேலையின் வருகைப்பட்டியலும், 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் இரத்த அழுத்த, நீரிழிவுப் பதிவுகளும் இவற்றோடு இணைக்கத்தக்கவை.

இதற்கு எதிராக இரண்டு வாதங்கள் எழலாம். ஒன்று, வீட்டில் கேட்டால் பணியிடத்தின் தூசி, நெரிசல், வேலைநேரம் ஆகியவற்றைத் துல்லியமாக அளக்க இயலாது. இது உண்மை. ஆனால் துல்லியமற்ற அளவு, அளவே இல்லாததைவிட மேல். எந்தப் பணியிடத்தை நேரில் ஆராய வேண்டும் என்பதையாவது அது காட்டும்.

இரண்டாவது கனமானது: மக்கள் உண்மையைச் சொல்வார்களா? 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேசாசலம் வனப்பகுதியில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று கூறித் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேரைக் காவல்துறை சுட்டுக்கொன்றது. அவர்களில் ஜவ்வாது மலைப் பகுதியினரும் இருந்தனர். அதன் பிறகு ‘எங்கே வேலைக்குப் போனீர்கள்’ என்ற கேள்வி இம்மலையில் சாதாரணக் கேள்வியாக இருக்க முடியாது. எனவே இத்தரவு காவல்துறைக்கோ வனத்துறைக்கோ போகாது என்பதற்குச் சட்டபூர்வ உறுதி வேண்டும். கேட்பவர் மலையைச் சேர்ந்தவராக, உரிய ஊதியம் பெறுபவராக இருக்க வேண்டும். ஆஷா பணியாளர் தலையில் ஊதியமற்ற இன்னொரு படிவத்தைச் சுமத்தி இந்த ஆய்வை நடத்தினால், ஆய்வே பணியாளர் நலக் கேடாகிவிடும்.

முடிவுரை

2022 சூனில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பாதுகாப்பான, நலமான பணிச்சூழலைத் தொழிலாளரின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. 2020இல் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்புச் சட்டத் தொகுப்போ பொதுவாகப் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களையே கணக்கில் கொள்கிறது. உரிமை அனைவருக்கும், கணக்கு சிலருக்கு என்ற இந்த இடைவெளியைச் சட்டத்தோடு சேர்த்து ஆய்வுமுறையும் வளர்த்துவந்துள்ளது. அடுத்த பெருந்தொற்றுக்கு முன் செய்ய வேண்டியவை மூன்று: மலைப்பகுதிகளில் வீட்டுக் கணக்கெடுப்போடு உழைப்பு வரலாற்றையும் பதிதல், துணை சுகாதார நிலைய நெறியில் தலைக்கணக்கோடு நடைத்தொலைவையும் சேர்த்தல், ஆஷா பணியாளரைப் பணியாளராக ஏற்றல். மூன்றும் மாநில அரசும் ஆய்வு நிறுவனங்களும் இன்றே தொடங்கக்கூடியவை.