கிளம்புவது வேறு, நிற்பது வேறு: என் ஸ்கூட்டரின் மதிப்பெண் பட்டியல்



போன வாரம் முத்துக்கடையில் பழைய மாணவர் ஒருவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து, "சார், அதே சேத்தக்கா? இன்னுமா ஓடுது?" என்று கேட்டார். "ஓடுது தம்பி, நிற்கவும் செய்யுது" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. அதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் சரித்திரம். வாத்தியார் புத்தி போகுமா?

ஸ்கூட்டர் நம் நாட்டுக்கு இத்தாலியிலிருந்து வந்த சரக்கு. இரண்டாம் உலகப்போர் முடிந்து அந்த நாடு நொறுங்கிக் கிடந்த நேரம். 1946-ல் பியாஜியோ கம்பெனி வெஸ்பாவைக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோ ஹெலிகாப்டர் செய்யும் பொறியாளர். அடுத்த ஆண்டே மிலான் நகரில் இன்னோசென்டி கம்பெனி லாம்ப்ரெட்டாவை இறக்கியது. லாம்ப்ராத்தே என்ற இடத்தில் தொழிற்சாலை இருந்ததால் அந்தப் பெயர்.

இரண்டும் பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் எலும்பு வேறு. லாம்ப்ரெட்டாவுக்கு உள்ளே கனமான குழாய்ச் சட்டம் உண்டு. மேலே தெரியும் தகடுகள் சட்டை மாதிரி, கழற்றி மாட்டலாம். எஞ்சின் நடுவில் இருக்கும். வெஸ்பாவுக்குத் தனியாகச் சட்டம் கிடையாது. அச்சில் அழுத்திய இரும்புத் தகடுதான் உடம்பு, அதுவே எலும்பு. எஞ்சின் பின்சக்கரத்தோடு வலது பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். பின்னால் தேவைப்படும்.

இந்தியாவில் லாம்ப்ரெட்டாவைச் செய்தது பம்பாயின் ஆட்டோமொபைல் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அந்தக் கம்பெனி பிற்பாடு நம் எம்.ஏ.சிதம்பரம் கைக்கு வந்தது. ஆமாம், சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்துக்குப் பெயராக இருக்கிறாரே, அவரேதான். வெஸ்பாவை பியாஜியோவின் உரிமத்தில் செய்தது பஜாஜ். 1971-ல் அந்த ஒப்பந்தம் முடிந்தது. 1972-ல் கிட்டத்தட்ட அதே உடம்போடு சேத்தக் வந்தது. ராணா பிரதாப்பின் குதிரைக்கு அந்தப் பெயர். அதே காலத்தில் இன்னோசென்டி லாம்ப்ரெட்டாவை நிறுத்தியது. மத்திய அரசு அதன் இயந்திரங்களை வாங்கி, லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. விஜய் சூப்பர் அங்கே பிறந்தது. 1997-ல் அங்கேயும் இருசக்கர வண்டிகள் நின்றன. பஜாஜ் 2009-ல் ஸ்கூட்டர் செய்வதையே விட்டுவிட்டது.

இன்றைய பிள்ளைகளுக்கு நம்புவது கடினம். அன்று காசு இருந்தாலும் ஸ்கூட்டர் கிடைக்காது. யாருக்கு எப்படி விற்பது என்று 1960-லேயே மத்திய அரசு கட்டுப்பாட்டு ஆணை போட்டது. எழுபதுகளில் பஜாஜுக்குப் பதிவு செய்துவிட்டுப் பத்து வருஷம் வரை காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்கு முன் பதிவு செய்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வண்டி வந்த வீடுகள் நம் தெருவிலேயே இருந்தன.

நான் வாங்கியது 1990 அக்டோபரில். கியூ குறைந்திருந்தது. பி.எஃப். முன்பணம் போட்டுப் புத்தம் புது சேத்தக். டி.என். 23, வேலூர் எண். (ராணிப்பேட்டைக்கு இப்போது டி.என். 73.) ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் இடைநிலை ஆசிரியருக்கு அது யானை வாங்கியது மாதிரி.

அந்த வண்டியின் நம்பகத்தைப் பற்றி எல்லோரும் பெருமையாகப் பேசுவோம். காலையில் இடது பக்கம் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து, உதைத்தால் கிளம்பிவிடும். அந்தச் சாய்ப்பு சடங்கு இல்லை. சாய்க்கும்போது கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோல் கொஞ்சம் உள்ளே வழியும். சோக் இழுத்த பலன் கிடைக்கும். பிளக்கில் கரி பிடித்தால் உப்புத்தாளில் தேய்த்துப் போடலாம். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்தால் போதும். கிளட்ச் கேபிள் அறுந்தால் பெட்டியில் மாற்றுக் கேபிள். பஞ்சர் ஆனால் ஸ்டெப்னி. சக்கர வளையம் இரண்டு துண்டாகப் பிரியும் என்பதால் டியூப் மாற்றுவதும் சுலபம். சைலன்சர் கரி அடைத்து மூச்சுத் திணறினால் மெக்கானிக் அதை நெருப்பில் போட்டுச் சுட்டுத் தருவார். இந்த வண்டி பழுதே ஆகாது என்பது பொய். அடிக்கடி ஆகும். ஆனால் எந்தப் பழுதையும் தெருமுனையிலேயே சரி செய்துவிடலாம். நாம் நம்பகம் என்று சொன்னது அதைத்தான்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். லாரியும் ஆட்டோவும் அவ்வப்போது எஃப்.சி. காட்டியாக வேண்டும். ஸ்கூட்டருக்கு முதல் 15 வருஷம் கேட்பார் கிடையாது. எல்லாம் சொந்தக்காரர் மனசாட்சி.

என் வண்டிக்கு முதல் பரீட்சை 2005-ல் வந்தது. டிங்கரிங் கடையில் கொடுத்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, கல்யாண மாப்பிள்ளை மாதிரி கொண்டுபோனேன். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளரை நாம் அப்படித்தானே சொல்வோம்) சேஸிஸ் எண்ணின் பென்சில் அச்சைச் சரிபார்த்தார். ஹாரன், விளக்கு, டயர் பார்த்தார். பிறகு குனிந்து, கால் வைக்கும் இடத்தில் இருந்த ரப்பர் மேட்டைத் தூக்கச் சொன்னார். பிரேக் பெடலுக்குப் பக்கத்தில் ஸ்குரூ டிரைவரால் லேசாகக் குத்தினார். பட்டி உதிர்ந்தது. ஸ்குரூ டிரைவர் உள்ளே போய்விட்டது. தரை தெரிந்தது.

"சார், இந்த வண்டி கிளம்பும். நிற்காது. சரி பண்ணிக் கொண்டு வாங்க" என்றார்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நான் எத்தனை பேருக்கு மதிப்பெண் போட்டவன்! வாசலில் ஒரு புரோக்கர், "வாத்தியாரே, எதுக்கு அலையறீங்க? குடுக்க வேண்டியதைக் குடுத்தா முடிஞ்சுது" என்றார். உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் யோசித்தேன். ஆனால் அந்த ஓட்டை கண்ணிலிருந்து போகவில்லை. பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டே மெக்கானிக்கிடம் போனேன்.

அவர் மேட்டை முழுக்க எடுத்து, துருவைச் சுரண்டிக் காட்டினார். பிரேக் பெடலைத் தாங்கும் இடத்தைச் சுற்றித் தகடு அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. அவசரத்துக்கு ஓங்கி மிதித்திருந்தால் பெடல் தகட்டோடு பிய்ந்துகொண்டு போயிருக்கும். அந்தத் தகட்டின் மேல்தான் என் சின்ன மகள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்று வளர்ந்தாள். பின்னால் வீட்டம்மா, மடியில் மகன். பாலாற்றுப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே நாலு பேரும் போயிருக்கிறோம்.

துரு எப்படி வந்தது? மழையால் மட்டும் இல்லை. நம் பக்கத்துக்கே உரிய காரணம் ஒன்று உண்டு. என் மைத்துனர் அப்போது தோல் மண்டியில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில், "மாமா, சாவி குடுங்க, ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்று வாங்கிப் போவார். பச்சைத் தோல் கெடாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் வைப்பார்கள். அந்த ஈரத் தோல் கட்டைக் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுவருவார். மேலே துடைத்துவிடுவோம். மேட்டுக்கு அடியில் இறங்கிய உப்புத் தண்ணீர் அங்கேயே தங்கும். ராணிப்பேட்டையிலிருந்து மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வரை எத்தனை ஸ்கூட்டர்கள் இப்படித் தோல் சுமந்திருக்கும்! குடும்பங்களை வாழவைத்த தொழில். குறை சொல்லவில்லை. ஆனால் உப்புக்கு விசுவாசம் மனிதருக்குத்தான், இரும்புக்கு இல்லை.

முதலில் சொன்ன எலும்பு விஷயம் இங்கேதான் வருகிறது. லாம்ப்ரெட்டாவில் தகடு துருப்பிடித்தால் சட்டை கிழிந்த மாதிரி. உள்ளே சட்டம் தாங்கும். (அந்தக் குழாயும் துருப்பிடிக்கும், அது வேறு விஷயம்.) சேத்தக்கில் தகடு போனால் எலும்பே போனது. பெயிண்ட் அடித்து மறைக்கிற விஷயம் இல்லை.

அடித்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்தோம். என் சம்பளத்தில் பாதி போனது. இரண்டாம் முறை காட்டியபோது அதே ஆய்வாளர் மேட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். நான் வாங்கிய சான்றிதழ்களிலேயே கஷ்டப்பட்டு வாங்கியது அதுதான்.

அதற்குப் பிறகான பட்டியல் இது. 2010-ல் முதல் முறையே தேர்ச்சி. புகைச் சான்றிதழில் மட்டும் தடுமாற்றம். 2000 மார்ச்சுக்கு முந்தைய இருசக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதம் வரை அனுமதி, பிந்தையதற்கு 3.5. பழசுக்குச் சலுகை கொடுத்தும் என் வண்டி திணறியது. சைலன்சரைச் சுட்டு, கார்புரேட்டரைச் சுத்தம் செய்த பிறகு தேறியது. 2015-ல் பின் பிரேக் கட்டை தேய்ந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். மாற்றினேன். 2020-ல் கொரோனா. காலாவதியான ஆவணங்களும் செல்லும் என்று மத்திய அரசு பலமுறை நீட்டித்தது. இருந்தாலும் மேட்டுக்கு அடியில் இருக்கும் துரு அரசாணை படிக்காதே! அலுவலகம் திறந்ததும் போய்க் காட்டினேன்.

இந்த அக்டோபரில் ஐந்தாவது பரீட்சை. 300 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. 20 வருஷம் தாண்டிய இருசக்கர வண்டிக்கு 2025 ஆகஸ்டில் 2,000 ஆனது. பேரன், "தாத்தா, அந்தக் காசுக்கு இதை ஸ்கிராப்புக்குப் போட்டுடலாம்" என்றான். 50 வயது தாண்டி அசல் உருவத்தில் இருக்கும் வண்டிகளுக்கு 2021 முதல் பழம்பெரும் வண்டி என்ற தனிப் பதிவும் உண்டு. 20,000 ரூபாய் கட்டினால் பத்து ஆண்டு. ஆனால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் எடுக்கலாம், தினசரி காய்கறி வாங்கப் போக முடியாது. என் சேத்தக்குக்கு அந்த வயது வர இன்னும் 15 வருஷம். அதுவரை நான் இருக்க வேண்டுமே!

இங்கிலாந்தில் 1960-லேயே பழைய வண்டிகளுக்கு ஆண்டுச் சோதனை கொண்டுவந்தார்கள். அதே நாட்டில் 2018 முதல், பெரிய மாற்றம் எதுவும் செய்யாத 40 வயது வண்டிகளுக்கு அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். அவ்வளவு காலம் வைத்திருப்பவர் பேணித்தான் வைத்திருப்பார் என்ற நம்பிக்கை. ஆனால் வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைக்கும் கடமை சொந்தக்காரரை விட்டுப் போகவில்லை. என்னைக் கேட்டால், எனக்கு அந்தச் சலுகை வேண்டாம். 2005-ல் என்னையும் 'பேணுகிறவர்' என்றுதான் ஊரே சொன்னது.

இந்த முறை தேர்ச்சி. ஒரே ஒரு குறை. மெதுவாகப் போகும்போது முன்விளக்கு மங்குகிறது. "ராத்திரியில எடுக்காதீங்க சார்" என்றார் இளம் ஆய்வாளர். சரி என்று சொல்லிவிட்டேன், அப்படியே நடக்கிறேன். ஆறு மணிக்கு மேல் வண்டி திண்ணைக்குப் போய்விடும், நானும் கூட.

உங்களில் பலர் வீட்டில் அப்பா ஓட்டிய ஸ்கூட்டர் மூலையில் நிற்கும். சிலர் எடுத்துப் பெயிண்ட் அடித்துப் படம் போடுகிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் சாலைக்கு எடுக்கும் முன் மேட்டைத் தூக்கி, பெடலைச் சுற்றிக் குத்திப் பாருங்கள். பிரேக் கட்டை, கேபிள், டயர் பாருங்கள். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாயைக் கெடுக்கலாம், அதையும் மாற்றுங்கள். பின்னால் மனைவியும் முன்னால் குழந்தையும் ஏறுவது அதன் பிறகு இருக்கட்டும்.

அன்று என்னைத் தோற்கடித்த அந்த ஆய்வாளரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நன்றி சொல்லவும் இல்லை. இந்தப் பதிவு அவருக்கு.

அன்புடன்,
உங்கள் பழைய ஆசிரியர்,
ராணிப்பேட்டை.