எடுக்கப்படாத தடயம்



இந்தச் சடையங்குப்பத்திலிருந்து பெரிய அரசு மருத்துவமனை எதற்குப் போவதென்றாலும் கண்டெய்னர் லாரிகளின் வரிசையைக் கடந்துதான் போக வேண்டும். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் துணையாக நாங்கள் அப்படிப் போயிருக்கிறோம். ஒருமுறை பணியிலிருந்தவர் எங்களைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி: “ஸ்டேஷன்ல இருந்து மெமோ வாங்கிட்டு வந்தீங்களா?” மெமோ வாங்கி வருவதற்குள் அரை நாள் போய்விட்டது. அந்தப் பெண் அதற்குள் குளித்துவிட்டார். யார்தான் குளிக்காமல் இருப்பார்கள்? பிறகு வந்த அறிக்கையில் தடயம் ஏதும் காணப்படவில்லை என்றிருந்தது. எடுக்கத் தாமதித்ததைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

இன்றைய உரையின் பொருள் அந்த ஒரு வரிதான். தடயம் இல்லை என்பதும் தடயம் எடுக்கப்படவில்லை என்பதும் நீதிமன்றத்தில் ஒன்றாகிப்போகின்றன. அப்படி ஒன்றாக்கப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு.

1972 மார்ச் 26ஆம் தேதி இரவு, மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் ஒரு பழங்குடிச் சிறுமி இரண்டு காவலர்களால் வன்முறைக்கு உள்ளானார். நாடு அவரை மதுரா என்ற பெயரில் அறிந்தது. கூலி வேலை செய்து வந்தவர். உறவினர்கள் அவரை முதலில் அருகிலிருந்த ஒரு மருத்துவரிடம்தான் கூட்டிப் போனார்கள். காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் கொடுங்கள் என்றார் அவர். எந்தக் காவல் நிலையம்? குற்றம் நடந்த அதே நிலையம். மருத்துவப் பரிசோதனை நடந்தது மறுநாள் இரவு எட்டு மணிக்கு. உடலில் காயமில்லை, கன்னிச்சவ்வில் பழைய கிழிசல்கள், இரு விரல்கள் எளிதாக நுழைகின்றன என்று எழுதினார்கள். துணிகளில் விந்துக்கறை இருந்ததையும் ஆய்வு சொன்னது. ஆனால் வழக்கின் தலைவிதியை எழுதியவை முதலில் சொன்ன மூன்றும்தான். பாலுறவுக்குப் பழக்கப்பட்டவள் என்றது அமர்வு நீதிமன்றம். உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் காயமின்மையைச் சம்மதமாக வாசித்துக் காவலர்களை விடுவித்தது. உபேந்திர பக்‌ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நால்வர் 1979இல் எழுதிய திறந்த மடலும் அதைத் தொடர்ந்த போராட்டமும் 1983 சட்டத் திருத்தத்துக்கு வழி திறந்தன.

காயத்தைத் தேடும் இந்தக் கண் யாருடையது? நம் மருத்துவ, சட்ட மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்த மோடியின் மருத்துவச் சட்டவியல் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். (அந்த மோடி வேறு.) கடின வேலைக்குப் பழகிய உழைக்கும் வர்க்கப் பெண் எதிர்த்து அடித்துத் தப்பித்துக்கொள்வாள், வசதியான வீட்டுப் பெண்ணோ பயத்தில் சோர்ந்துவிடுவாள் என்ற கருத்து அதன் பதிப்புகளில் இடம்பெற்றது. ஆக, மூட்டை தூக்கும், சேற்றில் இறங்கும், களையெடுக்கும் நம் பெண்களின் கை வலிமையே அவர்களுக்கு எதிரான சாட்சியம். அவள் உடலில் காயம் இருந்தே ஆக வேண்டும். இல்லையென்றால் அவள் பொய் சொல்கிறாள். சாதி என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே சாதி வேலை செய்யும் இடம் இது.

1992 செப்டம்பரில் ராஜஸ்தானின் பட்டேரியில், குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற குயவர் சமூகப் பெண் பன்வாரி தேவியை ஆதிக்கச் சாதியினர் சீரழித்தனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெண் மருத்துவர் இல்லை. ஜெய்ப்பூருக்கு அனுப்பினார்கள். அங்கே நீதித்துறை நடுவரின் உத்தரவு கேட்டார்கள். நடுவரோ வேலை நேரம் முடிந்துவிட்டது என்றார். பரிசோதனை நடந்தபோது சுமார் 52 மணி நேரம் கடந்திருந்தது. 1995இல் குற்றம்சாட்டப்பட்டவர்கள் வன்புணர்வுக் குற்றத்திலிருந்து விடுவிக்கப்பட்டார்கள்.

அதே 1992, ஜூன் 20, நம் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் புகுந்து பதினெட்டு மலையாளிப் பழங்குடிப் பெண்களைச் சிதைத்தார்கள். பிறகு அந்தப் பெண்களையே கைதிகளாக்கிச் சேலம் சிறைக்கு அனுப்பினார்கள். தடயத்தைச் சுமந்த உடல்கள் குற்றவாளிகளின் பிடியிலேயே இருந்தன. அவர்கள் வெளியே வந்து பேசும்போது மாதிரி எடுக்கும் காலம் என்றோ கடந்திருந்தது. வழக்கைத் தாங்கியது அந்தப் பெண்களின் வாய்மொழியும், பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நடத்திய விடாப்பிடியான போராட்டமும்தான். 2011 செப்டம்பர் 29 அன்று, உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்களில் 17 பேர் வன்புணர்வுக்காகத் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது.

இதைக் காட்டி, பெண்ணின் சாட்சியமே போதும், மருத்துவ ஏட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று நம் தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நம்பத்தக்க சாட்சியம் மட்டுமே போதும் என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்னதுதான். ஆனால் வாச்சாத்தியில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள், பின்னால் ஓர் இயக்கம் இருந்தது, அப்படியும் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. தனியாக நிற்கும் ஒருத்தியிடம் அந்தத் தெம்பை நாம் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

2020இல் ஹாத்ரஸ் தலித் பெண்ணுக்கு என்ன நடந்தது? தாக்கப்பட்டது செப்டம்பர் 14. மாதிரிகள் எடுக்கப்பட்டது ஒரு வாரத்துக்கும் பின்னால். 72 மணி நேரத்துக்குப் பின் தடயம் கிடைப்பது அரிது, 96 மணி நேரம் வரையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்கின்றன 2014ஆம் ஆண்டின் மத்திய சுகாதார அமைச்சக நெறிமுறைகள். விந்தணு இல்லை, எனவே வன்புணர்வு இல்லை என்று மாநிலத்தின் உயர் காவல் அதிகாரி ஊடகங்களிடம் சொன்னார். 2023இல் வந்த தீர்ப்பில் வன்புணர்வுக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை.

சட்டம் ஏட்டளவில் நம் பக்கம் வந்துவிட்டது. தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். பெண்ணின் சம்மதத்தையும், பரிசோதனை தொடங்கிய, முடிந்த நேரங்களையும், ஒவ்வொரு முடிவுக்குமான காரணத்தையும் எழுத வேண்டும். 2006இல் நடைமுறைக்கு வந்த இந்த விதிகள் இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 184ஆம் பிரிவில் உள்ளன. அறிக்கையை ஏழு நாட்களுக்குள் அனுப்ப வேண்டும் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. காவல்துறை அனுப்பாமல் வரும் பெண்ணைப் பரிசோதிக்க மறுக்கும் போக்கை உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே கண்டித்தது. தனியார் உட்பட எந்த மருத்துவமனையும் இலவச சிகிச்சையை மறுக்க முடியாது என்பது 2013 முதல் சட்டம். இரு விரல் பரிசோதனையை 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வும், அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தடுத்தன.

ஆகவே, இந்தப் பகுதியில் வேலை செய்யும் நம் தோழர்களுக்குச் சில வார்த்தைகள். மெமோ கேட்டால், பரிசோதிக்க மறுக்கும் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். குளித்துவிட்டார் என்பதற்காகத் திரும்பி வராதீர்கள். குளித்தார், துணி மாற்றினார் என்பதையும் மருத்துவர் பதிய வேண்டும், தடயம் ஏன் கிடைக்கவில்லை என்பதற்கு நாளை அதுவே பதில். விபத்துப் பதிவேட்டின் நகலையும் அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்க வேண்டாம். நம் வீடுகளில் கைக்குக் கிடைப்பது பிளாஸ்டிக் பைதான், ஆனால் ஈரத்தோடு அதில் கட்டி வைத்தால் கறை கெட்டுவிடும். நிழலில் காயவிட்டு, ஒவ்வொரு துணியையும் தனித்தனியே காகித உறையில் வைத்து, ஒப்படைத்ததற்குத் தேதியோடும் நேரத்தோடும் கையெழுத்து வாங்குங்கள்.